சில்லாலையா, சிலாபமா? பழைய கோயில் பதிவேட்டில் ஊர்ப்பெயர் வாசிப்பது

நீங்கள் அனுப்பிய படத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1857ஆம் ஆண்டுக் கலியாணப் பதிவு. பூட்டனாருடைய பெயர் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பின்னால் நீங்கள் 'சிலாலே' என்று வாசித்த ஒரு சொல். அதற்கும் பின்னால் 'பண்டிதெரி' வரைக்கும் தெரிந்து, மிச்சம் மை கரைந்துபோன இன்னொரு சொல். பூட்டனார் இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள சிலாபத்திலிருந்து வந்த ஒரு பண்டிதர் என்று வீட்டில் முடிவுகட்டி, சிலாபம் பக்கத்துக் கோயில்களுக்கு இரண்டு தரம் கடிதமும் எழுதிவிட்டீர்கள். ஒன்றும் அகப்படவில்லை, இனி எங்கே தேடுவது என்று கேட்கிறீர்கள்.

சிலாபத்தை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு சொல்லும் சில்லாலை, பண்டத்தரிப்பு. யாழ்ப்பாண நகரத்திலிருந்து வடமேற்கே, வலிகாமம் என்ற பகுதியில், ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற இரண்டு ஊர்கள். பண்டிதர் பட்டம் அந்தப் பதிவில் இல்லை.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். முதலாவது சொல்லின் கடைசி எழுத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். 'ஈ' என்ற ஆங்கில எழுத்தின் தலையில் சரிவாக ஒரு சின்னக் கோடு இருக்கிறது. நீங்கள் அதை மை தெறித்த அடையாளம் என்று நினைத்திருக்கலாம். அது பிரெஞ்சுக்காரர் போடுகிற குறி. அது போட்டால் அந்த எழுத்தை 'ஏ' என்று வாசிக்கவேண்டும். அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கச் சபையின் குருமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1847இல். அவர்களில் பலர் பிரான்ஸ் நாட்டவர். பத்து வருஷத்துக்குப் பிறகு எழுதப்பட்ட உங்கள் பதிவில் பிரெஞ்சுக் கை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பிரெஞ்சில் 'சீ', 'எச்' இரண்டும் சேர்ந்தால் 'ஷ'. எங்கள் 'சி' அவர் காதில் 'ஷி' என்று விழுந்திருக்கிறது. நடுவில் ஒரு 'எல்' என்று நீங்கள் எண்ணிய இடத்தில் இரண்டு 'எல்' இருக்கின்றன. இரண்டாவது முதலாவதின் வால் மேல் ஏறி நிற்கிறது. ஷில்லாலே. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், சில்லாலை வந்துவிடும்.

இரண்டாவது சொல்லும் அப்படித்தான். பண்டத்தரிப்பு என்று நாங்கள் எழுதுகிறோம். வாயில் வரும்போது 'பண்டத்தெரிப்பு' என்றுதான் பலருக்கும் வரும். பதிவை எழுதிய சுவாமியாருக்குக் கேட்டது அந்தத் 'தெரி'. கரைந்துபோன வால் 'ப்பூ' என்று முடிந்திருக்கவேண்டும். பிரெஞ்சில் 'ஓ', 'யூ' சேர்ந்தால் 'உ'. மையின் அடியில் ஒரு வட்டமும் அதன் பக்கத்தில் ஒரு கிண்ணமும் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.

பழைய பதிவேடு பார்க்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஊர்க்காரர் தன் ஊரை வாயால் சொன்னார். எழுதியவர் அதைத் தன் காதுக்குக் கேட்டபடி, தன் பாஷையின் எழுத்துக் கணக்கில் எழுதினார். ஆகவே எழுதியவர் எந்த நாட்டவர் என்று முதலில் பிடிக்கவேண்டும். அப்புறம் அவருடைய பாஷையில் அந்தச் சொல்லைச் சத்தமாக வாசிக்கவேண்டும். ஆங்கிலமாக நினைத்து வாசித்தால் முக்கால்வாசி ஊர்கள் தொலைந்துபோகும்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை நாலு கைகளைப் பழகிக்கொண்டால் போதும். போர்த்துக்கேயர் 1619இல் பட்டினத்தைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்த பிறகும் போர்த்துக்கேய மொழி போகவில்லை. கத்தோலிக்கருக்கு ஒளிந்து ஊழியம் செய்த கோவாக் குருமார் அதையே எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்களுக்கு 'ஷ' ஒலிக்கு 'எக்ஸ்' எழுத்து. 'ஞ' ஒலிக்கு 'என்', 'எச்'. ஒல்லாந்தருக்கு 'உ' என்றால் 'ஓ', 'ஈ' சேர்த்து எழுதுவது வழக்கம். 'ஜே' எழுத்து அவர்களுக்கு 'ய'. பிரெஞ்சை மேலே சொல்லிவிட்டேன். நாலாவது அமெரிக்க மிஷன், 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கி வட்டுக்கோட்டைக்கும் போனது. அவர்களுக்கு 'உ', 'ஊ' எல்லாம் இரண்டு 'ஓ'. உடுவிலை 'ஊடூவில்' என்று எழுதி, கடைசியில் பிரெஞ்சு நகரத்துப் பெயர் மாதிரி ஒரு 'வில்'லும் போட்டுவிட்டார்கள். அந்த எழுத்தைப் பார்த்து, தன் ஆச்சி படித்தது பிரெஞ்சுக் கன்னியர் மடத்தில் என்று நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். ஆச்சி படித்தது உடுவில் மகளிர் பள்ளியில், 1824இல் அமெரிக்கர் தொடங்கியது.

வட்டுக்கோட்டை தனியாகச் சொல்லவேண்டிய ஊர். 'வ' என்ற எழுத்தைப் போர்த்துக்கேயரும் அவர்களைப் பார்த்து எழுதியவர்களும் பல இடத்தில் 'ப' ஆக்கிவிட்டார்கள். அதனால் வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா' ஆனது. 1823இல் தொடங்கிய செமினறி என்ற புகழ்பெற்ற கல்லூரிக்கும் அதே பெயர்தான். பட்டிக்கோட்டாவை மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயரான 'பட்டிக்கலோ'வோடு குழப்பி, கிழக்கு மாகாணத்தில் உறவு தேடினவர்கள் ஒருவர் இருவர் இல்லை. இதே 'ப' வலிகாமத்தையும் பிடித்திருக்கிறது. 1672இல் வெளிவந்த பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியாரின் நூலில் வலிகாமம் 'பெல்லிகம்மே'. தெற்கே மாத்தறைக்குப் பக்கத்து வெலிகமவையும் பழைய ஐரோப்பியர் 'பெல்லிகம்' என்றே எழுதினார்கள். பக்கத்தில் வேறு என்ன ஊர் வருகிறது என்று பார்க்காமல் இந்தச் சொல்லை முடிவுசெய்யக்கூடாது. 'தெலிப்பொலே' பக்கத்தில் வந்தால் தெல்லிப்பழை, வலிகாமம்தான்.

இன்னொன்று. பெயருக்குப் பின்னால் 'பெல்லாலே' என்று வந்தால் வரைபடத்தை எடுக்காதீர்கள். அது வெள்ளாளர், அதே 'வ', அதே 'ப'. ஒல்லாந்தர் காலத்து ஏடுகளில் சாதியை எழுதுவது வழக்கம். சில்லாலே, பெல்லாலே இரண்டும் கரைந்த மையில் ஒன்றுபோலத் தெரியும். உங்கள் பதிவிலும் முதலில் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. முதல் எழுத்தின் வயிறு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அதே பக்கத்து மற்றப் பெயர்களோடு ஒப்பிட்ட பிறகுதான் தெளிந்தேன். இதையும் பழகிக்கொள்ளுங்கள்: ஒரு எழுத்து புரியாவிட்டால் அந்தச் சொல்லையே முறைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. அதே கை அதே பக்கத்தில் அந்த எழுத்தை வேறு எங்கே போட்டிருக்கிறது என்று தேடவேண்டும். 'பிலிப்பு', 'மரியாள்', 'சூசை' மாதிரி நமக்குத் தெரிந்த பெயர்களே எழுத்துப் பாடம்.

இனி, ஏன் இரண்டு ஊர்? சில்லாலையா, பண்டத்தரிப்பா என்று கேட்பீர்கள். இரண்டும்தான். பண்டத்தரிப்பு இங்கே கோயிற்பற்று. போர்த்துக்கேயர் தீபகற்பத்தைச் சுமார் முப்பது கோயிற்பற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயம் வைத்தார்கள். ஒல்லாந்தர் அதே கட்டடங்களையும் அதே எல்லைகளையும் எடுத்து, தேவாலயத்தோடு பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். பள்ளிக்கூட வாத்தியார்தான் ஞானஸ்நானமும் கலியாணமும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிவார். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், சமயம் மாறியது, தேவாலயம் இடிந்தது. கோயிற்பற்று மட்டும் போகவில்லை. சைவக் குடும்பத்துக் காணி உறுதியிலும் இன்றைக்கு வரை 'இன்ன கோயிற்பற்று' என்று எழுதுகிறார்களே, அது இதுதான்.

ஆகவே பதிவில் வருகிற பெயர் ஊராகவும் இருக்கலாம், அந்த ஊரைத் தலைமையாகக் கொண்ட கோயிற்பற்றாகவும் இருக்கலாம். வடமராட்சியில் 'கட்டவெல்லி' என்று வந்தால் அது கட்டைவேலி. கட்டைவேலிக் கோயிற்பற்றில் கரவெட்டிக்காரரும் அடக்கம். ஆராலிக்காரர் வட்டுக்கோட்டை என்று பதியப்பட்டிருப்பார். ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று இடம் எழுதியிருந்தால் குடும்பம் மூன்று தரம் குடிபெயர்ந்தது என்று முடிவுசெய்யவேண்டாம். ஒருவருக்கு ஊர், ஒருவருக்குக் கோயிற்பற்று, ஒருவருக்கு வெறும் 'யாழ்ப்பாணம்'. கடைசிச் சொல் நகரத்தையும் குறிக்கும், முழுத் தீபகற்பத்தையும் குறிக்கும். மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனவர்களின் பத்திரங்களில் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு ஊர் தேடுவது பெரும் பாடு.

ஊர்க்காரரின் வாய் என்று சொன்னேனே, அதற்கு ஒரு சம்பவம். பல வருஷத்துக்கு முன் ஒரு கோயிலில் பழைய ஏடு பார்த்துக்கொண்டிருந்தேன். 'நவகூலி' மாதிரி ஒரு சொல். புத்தூர்ப் பக்கத்து நவக்கிரியாக இருக்குமோ என்று அரை நாள் மண்டையை உடைத்தேன். வாய்விட்டு இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்ததை, தேத்தண்ணி கொண்டுவந்த மூப்பரின் மனைவி கேட்டுவிட்டார். "அது நாவக்குழியெல்லே" என்றார், கோப்பையை வைத்தபடியே. நாவற்குழி. நான் எழுத்தில் பழகிய பெயரை வைத்துத் தேடியதால் 'ற்'ஐ எதிர்பார்த்திருந்தேன். அவர் வாயில் அது எப்போதோ 'க்' ஆகிவிட்டது. இருநூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பியர் கேட்டதும் அந்த வாயைத்தான். அன்றிலிருந்து கடினமான சொல் எதையும் வயதான ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் விடுவதில்லை. காகிதத்தைக் காட்டுவதில்லை, வாசித்துத்தான் காட்டுவேன்.

பருத்தித்துறை வாயில் பருத்துறை. சாவகச்சேரி வாயில் சாவச்சேரி. இவை தொல்லை தராது. தொல்லை தருவது திருநெல்வேலி. நல்லூருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியை நாங்கள் தின்னவேலி என்போம். ஆங்கிலேயர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலியை எழுதியதும் கிட்டத்தட்ட அதே ஒலியில்தான். பதிவில் 'தின்னவெலி' என்று கண்டதும் எங்கள் வேர் இந்தியாவில் என்று எழுதிவைத்த வம்சவரலாறு ஒன்றை என் கையால் திருத்தியிருக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்தவரென்றால் எழுதியவர் பெரும்பாலும் கரை என்றோ நாடு என்றோ ஒரு சொல் சேர்ப்பார். வெறும் தின்னவேலி, அதுவும் நல்லூர்க் கோயிற்பற்றோடு வந்தால், பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் போகக்கூடிய தின்னவேலி.

இப்படி இரட்டைப் பெயர்கள் இன்னும் உண்டு. சுண்டிக்குளி நகரத்தில் இருக்கிறது; சுண்டிக்குளம் கிழக்கே, ஆனையிறவும் தாண்டிக் கடலோரத்தில். பளை என்றால் பச்சிலைப்பள்ளிப் பளையும் உண்டு, தெல்லிப்பழைப் பக்கம் வீமன்காமத்தோடு சேர்த்துச் சொல்கிற பளையும் உண்டு. நல்லூர் பூநகரியிலும் இருக்கிறது. காரைதீவு என்று வந்தால் இன்றைய காரைநகரையும் நினைக்கவேண்டும், கிழக்கிலுள்ள காரைதீவையும் நினைக்கவேண்டும். கரையூர் என்றால் இன்றைய குருநகர்.

தீவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரிய பெரிய குடும்பக் கதைகள் பிறக்கின்றன. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம். வேலணை, ஊர்காவற்றுறை இருக்கிற தீவு லெய்டன். புங்குடுதீவு மிடில்பேர்க். நெடுந்தீவு டெல்ஃப்ற், இந்தப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது. நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் 'மாடுகளின் தீவு' என்று தங்கள் பாஷையில் எழுதினார்கள். ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் 'கயிற்ஸ்' என்கிறோமே, அது யானை ஏற்றிய துறை என்ற போர்த்துக்கேயச் சொல்லின் முதல் பாதி. ஒரு குடும்பத்தார் என்னிடம் ஒரு நகல் கொண்டுவந்தார்கள். மூதாதை ஒருவர் 'மிடில்பேர்க்கில் பிறந்தவர்' என்று இருந்தது. மூன்று தலைமுறையாக எங்களில் ஒல்லாந்த இரத்தம் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்குக் கண் கொஞ்சம் பூனைக்கண்ணாக இருந்தது, அதுவே சாட்சியாகிவிட்டது. தாய் தகப்பன் பெயரைப் பாருங்கள் என்றேன். இரண்டும் சுத்தத் தமிழ்ப் பெயர். புங்குடுதீவு என்று சொன்னதும் மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட அப்பப்பாவின்ர தாய் புங்குடுதீவு எண்டு சொல்லுவினம், ஆரும் நம்பேல்லை" என்றார். அந்த ஆச்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒல்லாந்தர் காலத்து ஏட்டில் பூட்டனாரின் முன்னோர் பெயர் அகப்பட்டால் அவர் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்காரர் என்று எடுக்கவேண்டாம். அவர்களிடம் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிந்தால்தான் சொத்துரிமையும் உத்தியோகமும். சைவர்களும் பதிந்தார்கள், கத்தோலிக்கரும் பதிந்தார்கள். சில்லாலையோ, கத்தோலிக்கத்தை விடாமல் பிடித்திருந்த ஊர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப்வாஸ் முனிவர் தங்கியிருந்தது அங்கேதான். அவர் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆகவே உங்கள் ஆட்களுக்கு இரண்டு இடத்திலும் பதிவு இருக்கலாம், இரண்டு பெயரிலும் இருக்கலாம். ஒல்லாந்தர் காலத்து ஏடுகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில்தான் முதலில் கேட்கவேண்டும்.

தமிழில் எழுதிய ஏடு வந்தால் சுகம் என்று நினைப்பீர்கள். அதுவும் பழகவேண்டும். பழைய கையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இல்லை; கோப்பாய் 'கொபபாய'. 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். தென்மராட்சி வரணியை 'வாணி' என்று வாசித்து, அதைப் பெண்ணின் பெயராக எடுத்து, இல்லாத ஒரு தாயைக் குடும்ப மரத்தில் சேர்த்தவர்கள் உண்டு.

சரி, இனி நீங்கள் செய்யவேண்டியது. கலியாணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில் நடக்கும். மாப்பிள்ளை வேற்றூர் என்பதால்தான் சுவாமியார் அவருடைய ஊரையும் கோயிற்பற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார். உள்ளூர் ஆளென்றால் ஒன்றுமே எழுதாமல் விட்டிருப்பார். 1857இல் மாப்பிள்ளைக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து வயது என்று வைத்தால், ஞானஸ்நானம் 1832க்கும் 1837க்கும் இடையில். அது பிரெஞ்சுக் குருமார் வருவதற்கு முன். எழுதியவர் கோவாக் குருவாக இருப்பார், பாஷை போர்த்துக்கேயமாக இருக்கும், சில்லாலையின் எழுத்தும் மாறியிருக்கும். 'சீ' வரிசையில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பவேண்டாம்; 'எஸ்' வரிசையையும் 'எக்ஸ்' வரிசையையும் பார்க்கச் சொல்லுங்கள். லத்தீன் பதிவு கிடைத்தால் இன்னொரு கவனம்: 'இலிருந்து' என்று பொருள்படும் 'எக்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பின் ஊரும் வரும், தாய் தகப்பன் பெயரும் வரும். இரண்டு பெயருக்கு நடுவே 'எத்', அதாவது 'உம்', இருந்தால் அது தாய் தகப்பன்.

வீட்டில் பழைய காணி உறுதி ஏதும் இருந்தால் அதையும் எடுங்கள். முதல் நாலு வரியில் கோயிற்பற்றும் ஊரும் காணிப் பெயரும் வரும். இத்தனை பரப்பு வரகு விதைப்பு என்று அளவும் வரும். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். எங்கள் காணிகளுக்குக் கலட்டி, புலம், வளவு என்று முடிகிற தனிப்பெயர்கள் உண்டு. சீதனமாகக் காணி வழிவழியாகப் போவதால், 1900ஆம் ஆண்டு உறுதியில் இருக்கிற காணிப் பெயர் பூட்டனாருடைய ஊரைக் காட்டிக் கொடுக்கலாம். அந்தக் காணிப் பெயர் வரைபடத்தில் இருக்காது. 1990க்குப் பிறகு இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களில் அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய ஆட்களும் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அதனால் இதைத் தள்ளிப்போடவேண்டாம், இந்த மாதமே உங்கள் பெரியம்மாவிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

கடைசியாக, அந்தப் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் படத்தில் இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கே சின்ன எழுத்தில் இரண்டு வரியின் வால் தெரிகிறது. மச்சான் மச்சாள் கலியாணத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் விசேஷ அனுமதி வேண்டும். அந்த அனுமதியை ஓரத்தில்தான் எழுதுவார்கள், எத்தனையாம் முறை உறவு என்றும் குறிப்பார்கள். 'இரண்டாம் முறை' என்று இருந்தால் பூட்டனுக்கும் பூட்டிக்கும் பாட்டன் பாட்டி ஒருவரே. அப்படியானால் பூட்டியின் பக்கத்திலும் சில்லாலை இருக்கவேண்டும்.